சென்னியப்பன் நிறுத்திய இடம்

செய்தி வந்தபோது நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது நிமிடம் ஊற வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் பல் டாக்டர் பூங்கோதை போன் செய்தார். காதில் வைத்தால் போனும் கறுத்துவிடும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், சென்னியப்பன் போயிட்டாருங்க.”

“எங்கே, கோர்ட்டுக்கா?” என்றேன்.

அவரை அறிந்த உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். “இல்லீங்க சார், இறந்துட்டாருங்க” என்றார் டாக்டர். பிறகு, “காலையிலங்க. நெஞ்சுவலி. ரோட்டுக்குக் கொண்டு வரதுக்குள்ள முடிஞ்சுருச்சு” என்றார். இப்படிப்பட்ட சமயத்தில் இடி விழுந்ததாக எழுதுவது வழக்கம். எனக்கு விழுந்தது சாயச்சொட்டு. அழுதால் கன்னத்தில் இறங்கும், எழுந்தால் சட்டையில் இறங்கும். மிச்சமிருந்த பத்தொன்பது நிமிடமும் ஐம்பத்து மூன்று வயதுள்ள நான் என் தலைமுடிக்குக் கைதியாக அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி சென்னியப்பனுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அன்று கொஞ்சம் தெரிந்தது.

உங்களில் சிலருக்கு அவர் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சேந்தமங்கலம் பக்கத்துக்காரர்களுக்குத் தடத்துக் கேஸ்காரர். அவர் தோளில் வாத்தியத்தைப் பார்த்தவர்களுக்குப் ‘பெரிய குழாய்க்காரர்’. அந்தக் குழாயின் பெயர் யூஃபோனியம். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் வைத்து ஊத வேண்டிய பித்தளை வாத்தியம், அடிக்குரலில் பேசும். எங்களுக்கு அவர் கிடைத்ததே ஒரு பல்லால்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பூங்கோதையின் மருத்துவமனைக்கு முன்பல் ஆடுகிறது என்று வந்தவர், “இந்தப் பல்லு போச்சுன்னா என்ற வாத்தியமும் போச்சுங்க” என்றிருக்கிறார். டாக்டர் புல்லாங்குழல்காரர். நம்முடைய மூங்கில் அல்ல, துளைகளுக்கு மூடி வைத்த மேற்கத்திய வெள்ளிக் குழல். பல்லைக் காப்பாற்றிய கையோடு ஆளையும் பிடித்து வைத்துக்கொண்டார். அப்புறம் கிளாரினெட் வைத்திருந்த குற்றத்துக்காக என்னையும் சேர்த்தார். வயலின் ஜெயபால் நாலாவது ஆள். பாதி ஞாயிறு வரமாட்டார், வந்த பாதியில் தந்தி அறுந்துவிடும்.

ஞாயிறு மூன்று மணிக்கு மருத்துவமனை மாடியில் கூடுவோம். என் நாற்காலிக்கு மேலே சொத்தைப்பல்லின் பெரிய படம் ஒன்று தொங்கும். கிளாரினெட் வாசிக்கும்போது என் முகமும் அதுவும் ஒரே மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொல்வார்.

முதல் ஞாயிறே ஒரு வால்ட்ஸ் கொடுத்தார் சென்னியப்பன். மூன்று மூன்று எண்ணிக்கையாகத் தாலாட்டிக்கொண்டு போகும் மெட்டு. நாலு பேருக்கும் தனித்தனித் தாள், எல்லாம் அவர் கையால் எழுதியது. என் தாளின் நடுவில் ஓர் இடத்தில் ‘ஃபைன்’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. எனக்கு முன் இந்தத் தாளில் வாசித்த யாரையோ பாராட்டி, அந்த இடம் அருமை என்று குறித்திருக்கிறார்கள் என நினைத்தேன். பாராட்டைக் காப்பாற்ற வேண்டுமே என்று அங்கே இன்னும் அழுத்தி ஊதினேன். பக்கத்தின் அடியில் ‘டி.சி. அல் ஃபைன்’ என்று இருந்தது. நான் வேலை பார்ப்பது வரி அலுவலகம். எங்களுக்கு டி.சி. என்றால் துணை ஆணையர், ஃபைன் என்றால் அபராதம். வால்ட்ஸில் அவருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே வாசித்து முடித்து வாத்தியத்தைக் கீழே வைத்தேன். மற்றவர்கள் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, நடுவுல ஒரு எடத்துல எதுக்கு அத்தனை அமுக்கி ஊதறீங்க?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“நல்லாருக்குன்னு போட்டிருக்குதுங்களே.”

“அப்பறம் எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?”

“டி.சி. வந்துட்டாரே.”

அவர் சத்தமாகச் சிரிக்கும் ஆள் இல்லை. வாத்தியத்தின் ஊதுவாயிலேயே உதட்டை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு மூன்று வளைவு சுற்றி, மேலே அகன்ற வாய் வழியாகப் புஸ்ஸென்று வந்தது.

பிறகு சொன்னார்: “காப்போன்னா தலைங்க. டா காப்போ, தலையிலிருந்து. மறுக்கா மொதல்லேர்ந்து வான்னு அர்த்தம். அதைத்தான் டி.சி.ன்னு சுருக்கி எழுதறது. கோடான்னா வாலு. சேன்யோன்னா அடையாளம், நம்ம சர்வே கல்லு மாதிரி. டால் சேன்யோன்னு போட்டிருந்தா தலைக்குப் போக வேண்டியதில்லை, கல்லுக்குப் போனாப் போதும். தலை, வாலு, கல்லு. இதைச் சொல்றதுக்கு எதுக்குங்க இத்தாலி?”

டால் சேன்யோ என்பது சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளும் ஏதோ ஒரு பருப்பு என்று அதுவரை நினைத்திருந்ததை நான் வெளியில் சொல்லவில்லை.

“அப்ப ஃபைன்?”

“ஃபைன் இல்லீங்க, ஃபீனே. முடிவு. ஆனா அது தாளோட கடைசில இருக்காது, நடுவுல இருக்கும். மொதத் தடவை போறப்ப அதைக் கண்டுக்காம தாண்டிப் போயிறோணும். தலைக்குப் போயிட்டுத் திரும்பி வாரப்பத்தான் அது முடிவு. அங்க டக்குன்னு நின்னுக்கோணும்.”

நான் அதைப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதற்கும் நின்றதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குப் போனால் மனைவியும், அலுவலகம் போனால் மேலதிகாரியும் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்தத் தெரியாத ஆள் நான். ஃபீனேவையும் ஒரு பார், இரண்டு பார் தாண்டித்தான் நின்றேன். பார் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இது வேறு. இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு சின்னக் கட்டம். வால்ட்ஸில் மூன்று எண்ணிக்கை. ஒவ்வொரு வாரமும் எல்லோரும் முடித்த பிறகு என் கிளாரினெட் மட்டும் தனியாக இரண்டு பார் கீச்சிட்டுக்கொண்டு போய் வெட்கப்பட்டு நிற்கும். “உங்குளுக்கு மட்டும் தாள் கொஞ்சம் நீளமுங்க” என்பார் சென்னியப்பன்.

அவருடைய வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா காலமான பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ரோட்டோரம் தம்பிக்கு, கிணறும் பழைய வீடும் இருந்த உள்பாகம் அண்ணனுக்கு. தம்பியின் பெயர் நல்லதம்பி. பெயர் வைத்த பெரியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகிற தடம் தம்பி காட்டின் ஓரமாக எத்தனை அடி என்று பத்திரத்தில் எழுத மறந்துவிட்டார்கள். “ஆள் நடக்கற தடம்ங்கறான் அவன். வண்டி போற தடம்ங்கறன் நான். நடுவுல இருக்கறது எட்டடி மண்ணுங்க” என்பார். பதினோரு வருடம் அந்த எட்டடி கோர்ட்டில் இருந்தது. வழக்கு முடியும்வரை ஆள் மட்டும் நடக்கலாம் என்பதால் அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டு போனதில்லை. கூரை ஓடு உடைந்தால் மாற்று ஓடு தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். யூஃபோனியம் மேச்சேரி ஆட்டுக்குட்டிபோல் அவர் தோளில் ஏறி அந்தத் தடத்தில் நடந்துதான் ரோட்டுக்கு வரும், பொழுதோட அப்படியே திரும்பிப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வாடி வந்தார். மேல்கோர்ட்டு வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாம்.

“டா காப்போவா, டால் சேன்யோவா?” என்று கேட்டேன். அந்த மாதிரி சமயங்களில் என் வாய் எனக்கு முன்னால் போய்விடும்.

அவர் உண்மையிலேயே யோசித்தார். “டா காப்போதாங்க. மொதல்லேர்ந்து விசாரிக்கோணுமாமா. பளைய சாச்சியெல்லாம் மறுக்கா வரோணும். டா காப்போ போட்டா, திரும்பிப் போறப்ப உள்ள இருக்கற சின்ன ரிப்பீட்டையெல்லாம் மறுக்கா எடுக்கக் கூடாதுங்க. ஒருக்காவே போயிறோணும். இத்தாலிக்காரனுக்கு இருந்த ரோசனை என்ற வக்கீலுக்கு இல்லை பாருங்க.”

அன்று பயிற்சி முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது பூங்கோதை, “எட்டடிக்கு இத்தனை வருசமாங்க?” என்று கேட்டார். சென்னியப்பன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னதை நாங்கள் இருவரும் மறக்கவில்லை: “தடம் அப்பறமுங்க டாக்டரு. கேஸ் போட்ட அன்னைக்கு நிறுத்துனவன், இன்னும் அண்ணான்னு ஒரு வார்த்தை கூப்பிடலை. ஒருக்கா கூப்பிட்டான்னா நாளைக்கே வாபஸ் வாங்கிப்போடுவன்.”

“நீங்களே போய்ப் பேசறதுதானே?” என்றார் பூங்கோதை.

“மூத்தவன் எப்படிங்க மொதல்ல பேசறது?”

சாயங்காலமானால் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, தம்பி வீட்டைப் பார்த்து ஊதிக்கொண்டிருப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தம்பியைக் கடுப்பேற்றவா என்று ஒரு தடவை சீண்டினேன். “இல்லீங்க. நான் லீவுல வாரப்பெல்லாம் வாத்தியப் பெட்டியைத் தொறக்கற மொத ஆள் அவந்தான்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தக் கல்யாண வரவேற்புக்கு வருகிறேன். பூங்கோதையிடம் பல் பார்க்கும் குடும்பம் ஒன்று, மகன் கல்யாண வரவேற்புக்கு மேற்கத்திய இசை வேண்டும் என்று கேட்டது. சேலத்தில் ஒரு மண்டபம். எங்களுக்கு மாப்பிள்ளை வீட்டை மட்டும்தான் தெரியும். வேன் மண்டப வாசலில் நின்றதும் ஃபிளெக்ஸைப் பார்த்தோம். மணமக்கள் படத்துக்குக் கீழே, பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டிருந்தார். சென்னியப்பனின் அதே மூக்கு. பெண்ணுக்குப் பெரியப்பா, ஃபிளெக்ஸில் இல்லை, எங்கள் வேனில் இருந்தார்.

“திரும்பிப் போயிரலாமுங்க” என்றார் பூங்கோதை.

“வாசிக்க வந்தோம். வாசிப்போம்” என்றார் அவர். அன்றைக்கு அவர் பேண்டுக் காலத்து வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். முந்தின வாரம் மண்டபத்தின் பெயரை மூன்று தடவை கேட்டார் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். தெரிந்தே வந்தார் என்பது என் கட்சி. ஊர்வம்பில் எனக்கு இருக்கும் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

மணமேடைக்குப் பக்கவாட்டில் எங்களுக்குச் சின்ன மேடை. ஜெயபால் வரவில்லை. நாங்கள் மூவரும் அந்த வால்ட்ஸை எடுத்தோம். ஃபீனேவில் நிற்கிறோம் என்பதற்கு அவர் வைத்திருந்த சைகை, வாத்தியத்தின் வாயை ஒரு ஜாண் தாழ்த்துவது. முதல் சுற்று போய், தலைக்கு வந்து, ஃபீனே வந்தது. வாய் தாழவில்லை. தாண்டிப் போனார். நாங்களும் போனோம். மறுபடி தலை, மறுபடி ஃபீனே. தாழவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது அவர் கண் கூட்டத்துக்குள் ஒரே ஆளிடம் போய்த் திரும்பியது. நல்லதம்பி பந்தி வாசலில் நின்றுகொண்டு எங்கள் பக்கம் பார்ப்பதும் தலையைத் திருப்புவதுமாக இருந்தார். நாலாவது சுற்றில் கல்யாணப்பெண் பார்த்துவிட்டாள். பரிசு வாங்கிக்கொண்டிருந்த கையோடு எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். ஆறாவது சுற்றில் என் கீழுதடு என்னுடையதாக இல்லை. நிறுத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. பூங்கோதை குழலின் மேலாக என்னைப் பார்த்தார். சொத்தைப்பல்லைப் பார்க்கும் அதே பார்வை. வட்டமாகப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டு டிரைவர் இறக்கிவிட மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது.

எட்டாவது சுற்றில் நல்லதம்பி நகர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்கள் மேடைக்கு வந்து கீழே நின்றார். ஃபீனே வந்தது. யூஃபோனியத்தின் வாய் தாழ்ந்தது. அவர் நிறுத்தினார், டாக்டர் நிறுத்தினார். நல்லதம்பி அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார்.

நான் நிறுத்தவில்லை. எட்டுச் சுற்றுப் பழக்கத்தில் என் விரல்கள் தம்பாட்டுக்கு அடுத்த பாருக்குப் போய்விட்டன. மரத்துப்போன உதட்டில் கிளாரினெட் துருப்பிடித்த கதவு மாதிரி கீச்சிட்டது. இரண்டு பார். அவ்வளவுதான். எங்களுக்குக் கேட்டது ‘வாங்க’ என்பதும், என் கீச்சலுக்குப் பிறகு ‘சாப்பிடலாம்’ என்பதும். நடுவில் ஏதாவது இருந்ததா என்று தெரியாது.

நம் பக்கத்தில் ‘வாங்க’வை யாருக்கும் சொல்வோம். வேன் டிரைவருக்கும் சொல்வோம், மேளக்காரருக்கும் சொல்வோம், கல்யாணத்துக்கு வந்த ஆனைக்கும் சொல்வோம். ‘வாங்கண்ணா’ என்றால்தான் வேறு. சென்னியப்பன் வாத்தியத்தை மெதுவாக மடியிலிருந்து இறக்கினார். தம்பி நின்றார். பிறகு இவர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “வவுறு செரியில்லீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நல்லதம்பியின் முகம் கறுத்துவிட்டது. கூப்பிட்டும் வராமல் போனதாக அவர் எடுத்துக்கொண்டார். கூப்பிடவே இல்லை என்று இவர் எடுத்துக்கொண்டார்.

வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “நீங்க கிட்டத்துல இருந்தீங்க. வாங்கன்னானா, வாங்கண்ணான்னானா?”

என்ன சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணா என்றுதான் சொன்னார் என்று ஒரு பொய். வரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்குப் பொய் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும், ஒன்று சொன்னால் குறைந்தா போயிருப்பேன். நான் சொன்னது இது: “என்னைச் சாட்சியாப் போட்டீங்கன்னா நான் வாய்தா கேட்பேங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து, மாடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது மறுபடி கேட்டார். இந்தத் தடவை குரல் தணிவாக இருந்தது. “நெசமாவே கேக்கலீங்களா?”

“கவனிக்கலீங்க” என்றேன். அது உண்மை. “செரி, போச்சாது, உடுங்க” என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்து வைத்தார். உண்மை அவ்வளவு உபயோகமில்லாமல் போன இன்னொரு சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் இல்லை.

அந்த மாதமே நல்லதம்பி தடத்தின் வாயில் இரண்டு கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி. ஆள் நடக்கிற தடம்தானே, நடக்கட்டும் என்றாராம். அதற்குப் பிறகு சென்னியப்பன் யூஃபோனியத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் நுழைந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வந்தார். அதை எங்களுக்கு நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். “ராணுவத்துல கூட இத்தனை சின்ன சந்துல நொளைஞ்சதில்லீங்க” என்றார். ஒரு வாரம் கூட வராமல் இருந்ததில்லை.

டாக்டர் போன் செய்த அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவருக்காக ஆம்புலன்ஸ் வந்து ரோட்டில் நின்றது. ஸ்ட்ரெச்சர் கல்லுக்காலுக்குள் நுழையவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு, கிணற்றுப் பக்கமாகச் சுற்றி வரப்பில் வந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்து கட்டிலின் நாலாவது காலைப் பிடித்தது நல்லதம்பி. ரோட்டை அடையும்போது மூச்சில்லை.

நானும் பூங்கோதையும் மத்தியானம் போனோம். கார் தடத்தில் திரும்பி நேராக வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வாசலுக்கு ஒரு கார் வந்ததை நான் பார்த்தது அன்றுதான். கல்லுக்கால்கள் இரண்டும் பிடுங்கிப் போடப்பட்டுக் கிடந்தன. “பொக்லைன் வரட்டும்னு சொன்னோமுங்க. கேக்கலை. கடப்பாரையில அவரே நெம்பிப்போட்டாரு” என்றார் பங்காளி ஒருவர்.

நல்லதம்பி அதில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பூங்கோதை பக்கத்தில் போய், “இந்த மாதிரி அட்டாக்குக்கு வண்டி வாசலுக்கே வந்திருந்தாலும் நேரம் இருந்திருக்காதுங்க” என்றார்.

“நீங்க பல் டாக்டருங்க” என்றார் அவர். கோபமில்லை. சும்மா சொன்னார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானுங்களே அந்தக் கறுப்பு பீப்பி ஊதறவரு?”

“ஆமாங்க.”

“அன்னைக்கு மண்டபத்துல சாப்பிடக் கூப்பிட்டனுங்க. பதினோரு வருசம் களிச்சு வாய் வந்துச்சு. வாங்கண்ணா, சாப்பிடலாம்னு சொன்னன். மொகத்தைக் கூடத் திருப்பாம போயிட்டாருங்க. அத்தனை சனத்துக்கு முன்னால. அந்த ரோசத்துலதான் இந்தக் கல்லை நட்டன்.” கல்லை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். “எப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தாலும் அங்கதான் வந்து நிக்குதுங்க. கேட்டும் வரலையே.”

தப்பித்துப் போக எனக்கு வழி இருந்தது. கார் சாவி டாக்டரிடம், கார் நாலடியில். என் வாயில் ஏதாவது ஒரு வேடிக்கை எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை.

“அவருக்குக் கேக்கலீங்க” என்றேன்.

“என்னது?”

“நீங்க கூப்பிட்டப்ப நடுவுல ஒரு சத்தம் வந்துச்சில்லீங்களா, கதவு கீச்சுன மாதிரி? அது நான்தானுங்க. அவரு நிறுத்துன எடத்துல நான் நிறுத்தலை. வாங்கன்னதும் சாப்பிடலாம்னதும்தான் அவருக்குக் கேட்டுச்சு. நடுவுல இருந்தது கேக்கலை. அண்ணான்னு சொன்னீங்களான்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டாருங்க. எனக்கும் தெரியலைன்னு சொல்லிட்டேன்.”

அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார், ஏதோ கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதுபோல.

“ரெண்டு தடவை கேட்டாருங்களா?”

“ரெண்டு தடவைங்க.”

“அப்ப அவருக்குக் கேக்கோணும்னு இருந்துச்சு.”

“அதுக்குத்தானுங்க வந்தாரு. அந்த மெட்டை எட்டுத் தடவை சுத்தி வாசிச்சதும் அதுக்குத்தான். முடிக்க வேண்டிய எடம் வாரப்பெல்லாம் உங்களைத்தான் பாத்தாரு. நீங்க கிட்ட வந்த பொறகுதான் முடிச்சாரு.”

நல்லதம்பி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இரண்டு எட்டு வைத்து நின்று, திரும்பாமல், “வாங்க” என்றார். எங்களுக்குத்தான் சொன்னார். உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் குனிந்தார். அவர் என்ன சொன்னார் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒரே வார்த்தைதான்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. அண்ணனும் தம்பியும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். தம்பி கூப்பிட்டார். அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தார். அவர்களைப் பேசவிடாமல் இடையில் நின்றது மண்ணும் இல்லை, பத்திரமும் இல்லை, நான். ஊர்வம்பில் இனி இதைத் திருத்திக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் இன்னும் மாடியில் கூடுகிறோம். அடிக்குரல் இல்லாத வால்ட்ஸ் தரையில் கால் படாத ஆள் மாதிரி இருக்கிறது; வாசிக்கிறோம். அவர் கையால் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. தாள் எல்லோரிடமும் இருக்கிறது. ஃபீனே வந்ததும் நிறுத்துகிறேன். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமில்லாமல் எண்ணுகிறேன். அந்த இரண்டு பார் நேரம் யாராவது யாரையாவது கூப்பிட்டால் கேட்கும். சென்னியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஆறு எண்ணிக்கை.